பேட்டரி மாற்றியும் பயாஸ் செட்டிங்ஸ் நிற்கவில்லையா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: பதினைந்து வருடத்துக்கும் மேலான டெஸ்க்டாப். காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'சிமோஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட்' (சேமித்த செட்டிங்ஸ் கெட்டிருக்கிறது, ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட்டேன் என்று அர்த்தம்) என்று வந்து, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறது. தேதி 2009-க்குப் போய்விடுகிறது, பூட் ஆர்டர் (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் ஆரம்பிப்பது என்ற வரிசை) மாறிவிடுகிறது, சில நாள் விண்டோஸ் லோகோ வந்து அரை நொடி நீலத் திரை காட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. போன மாதம்தான் மதர்போர்டு மேல் இருக்கும் நாணயம் மாதிரியான வட்டப் பேட்டரியை எடுத்துப் புதிது போட்டீர்கள், ஒரு மாற்றமும் இல்லை. மதர்போர்டு போய்விட்டதா, தூக்கிப் போட்டுவிடலாமா என்கிறீர்கள்.

வேண்டாம், பொறுங்கள். பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 'காலையில்' என்று சொல்கிறீர்கள். பகலில் ரீஸ்டார்ட் செய்தால் இது வருகிறதா? ஷட் டவுன் செய்து ஒரு மணி நேரம் கழித்து ஆன் செய்தால்? வரவில்லை என்றால், ராத்திரி சுவர் ஸ்விட்சையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ அணைத்துவிட்டுத்தான் படுக்கிறீர்கள் என்று பந்தயமே கட்டுவேன். அந்த ஒரு பழக்கம்தான் உள்ளே இருக்கும் கோளாறை வெளியே காட்டிக்கொடுக்கிறது. அது எப்படி என்று தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பயாஸ் வேறு, பயாஸ் செட்டிங்ஸ் வேறு. ஆன் செய்ததும் முதலில் ஓடி கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ் என்கிற புரோகிராம் ஃபிளாஷ் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது, அதற்கு மின்சாரமே வேண்டாம், பேட்டரியைக் கழற்றி பத்து வருடம் பரணில் போட்டு வைத்தாலும் அழியாது. நீங்கள் உள்ளே போய் மாற்றுகிற பூட் ஆர்டர், சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை), தேதி, நேரம் இதெல்லாம் சிமோஸ் ரேம் என்கிற ஒரு துளி நினைவகத்தில் இருக்கிறது. எவ்வளவு துளி என்றால், 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி-யில் இந்த வேலைக்கு மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சிப் இருந்தது. மொத்தமே 64 பைட். அதில் 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போய்விடும், மிச்சம் 50 பைட்டில்தான் மொத்த செட்டிங்ஸும். பிறகு அந்தச் சிப் தனியாக இல்லாமல் சவுத்பிரிட்ஜ் என்கிற, போர்டின் பெரிய சிப்புக்குள்ளேயே போய்விட்டது, அளவும் கொஞ்சம் கூடியது, ஆனால் ஏற்பாடு அதே ஏற்பாடுதான். கடிகாரமும் செட்டிங்ஸும் ஒரே வீட்டில் ஒரே மின்சாரத்தில் ஒட்டுக் குடித்தனம் நடத்துகின்றன.

அதனால்தான் பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். நேரமும் போய் செட்டிங்ஸும் போயிருந்தால், அந்த வீட்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டது என்று அர்த்தம். நேரம் நொடி பிசகாமல் சரியாக இருந்து செட்டிங்ஸ் மட்டும் போயிருந்தால் பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஓவர்கிளாக்கிங்கோ (வேகத்தைக் கூட்டி வைப்பது) மெமரியோ வேறு ஏதோ ஒன்று பயாஸை டிஃபால்ட்டுக்குத் தள்ளியிருக்கிறது. செட்டிங்ஸ் அப்படியே இருந்து நேரம் மட்டும் பின்தங்கினால் பேட்டரி கடைசி மூச்சில் இருக்கலாம். ஆனால் நேரம் எப்போதும் ஒரே அளவு, அதுவும் உங்கள் ஊருக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அளவே தள்ளி நிற்கிறதென்றால், அந்த மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் போர்டின் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் பொது நேரத்தை வைக்கும், இரண்டும் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருக்கும். இதற்குப் போய் மூன்று பேட்டரி மாற்றியவரை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு இரண்டும் போகிறது. அதனால் மின்சாரம்தான்.

இப்போது அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். நிறையப் பேர் நினைப்பது போல பேட்டரி இருபத்துநான்கு மணி நேரமும் உழைப்பதில்லை. பிளக் மாட்டி ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் ஷட் டவுன் ஆகியிருந்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று ஒரு சின்ன மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரமும் சிமோஸும் அதிலேயே ஓடும், பேட்டரி சும்மா உட்கார்ந்திருக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்த அந்த நொடியில்தான் பேட்டரியின் டியூட்டி ஆரம்பிக்கிறது. அப்போதும் அதிகம் உறிஞ்சாது, சில மைக்ரோஆம்பியர்தான். போர்டில் வழக்கமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரியில் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். 5 மைக்ரோஆம்பியர் வீதம் போனால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடம். ஒரு மாதப் பேட்டரி ஒரு ராத்திரியைத் தாங்கவில்லை என்றால் ஒன்று பேட்டரி நல்லதில்லை, அல்லது அது போர்டுக்குப் போய்ச் சேரவே இல்லை, அல்லது வழியில் ஏதோ ஒன்று அதைக் குடித்துவிடுகிறது. இந்த மூன்றைத் தவிர வேறு பெரிய காரணம் கிடையாது.

சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பயாஸ் செட்டப்புக்குள் போய் நேரத்தைச் சரியாக வையுங்கள், எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்கள் (சேவ் செய்யாமல் எஸ்கேப் அடித்து வெளியே வந்துவிட்டு 'நிற்கவே மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்களும் உண்டு), ஷட் டவுன் செய்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதாது, போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது விடுங்கள், முடிந்தால் ராத்திரி முழுக்க. பிறகு பிளக்கை மாட்டி ஆன் செய்ததும் விண்டோஸுக்குள் போகாமல் நேராக செட்டப்புக்குள் போய் மணி பாருங்கள். விண்டோஸுக்குள் போய்விட்டால் அது இன்டர்நெட்டிலிருந்து நேரத்தை எடுத்துத் திருத்திவிடும், நீங்களும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். இன்னொரு வேடிக்கை, வீட்டில் இருக்கும் தனி மெஷினில் விண்டோஸ் டைம் சர்வீஸ் சாதாரணமாக 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தானாகத் திருத்தாது. அதனால் பத்து மணி நேரம் பிசகினால் சத்தமில்லாமல் சரியாகிவிடும், 2009-க்குப் போனால் அங்கேயே நிற்கும். பிரவுசரில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'சான்றிதழ் சரியில்லை' என்று எச்சரிக்கை வருவது இதனால்தான். 2009-ல் உட்கார்ந்திருக்கும் மெஷினுக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

சரி, அளப்பதற்கு வருவோம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரியைக் கழற்றி அளந்தால் புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 3.2, 3.3 கூடக் காட்டும். 2.8-க்குக் கீழே என்றால் எனக்குச் சந்தேகம் வரும், 2.5 என்றால் யோசிக்காமல் மாற்றுவேன். ஆனால் கையில் வைத்து அளப்பது பாதி உண்மைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி சாக்கெட்டில் இருக்கும்போதே, சிவப்பு முனையைப் பேட்டரியின் மேல் முகத்திலும் கறுப்பு முனையைக் கேபினட்டில் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூ ஏதாவது ஒன்றிலும் வைத்து அளந்து பாருங்கள். வெளியே 3.1 காட்டிய அதே பேட்டரி இங்கே 1.9 காட்டினால் ஏதோ அதைக் கீழே இழுக்கிறது. பூஜ்யமோ, நிற்காமல் ஓடும் எண்களோ காட்டினால் கீழே இருக்கும் மைனஸ் முனை தொடவில்லை.

இந்த மைனஸ் முனை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் ஒரு மாதம் வீணடித்திருக்கிறேன். என்னிடம் இருந்த ஒரு பழைய மெஷினில் உங்கள் கதையேதான், இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று, இரண்டும் வெளியே அளந்தால் ஜம்மென்று 3.2 காட்டுகின்றன. கடைசியில் டார்ச் அடித்துச் சாக்கெட்டுக்குள் பார்த்தால், நடுவில் இருக்கும் அந்தச் சின்ன நாக்கு மாதிரியான தகடு அடியோடு படிந்து கிடக்கிறது. முதல் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தபோது நானே அமுக்கியிருக்கிறேன். பேட்டரி அதன் மேல் உட்கார்ந்தது போலத்தான் தெரிகிறது, ஆனால் ஒரு முடி அளவு இடைவெளி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல் குத்தும் குச்சியால் அந்த நாக்கை ஒரு மில்லிமீட்டர் தூக்கிவிட்டேன், அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த மெஷின் ஒருநாளும் நேரம் மறக்கவில்லை. நீங்களும் போன மாதம் பேட்டரியை மாற்றினீர்கள் என்பதால் என் முதல் சந்தேகம் இங்கேதான். அந்த நாக்கில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபிறகு பேட்டரியை வையுங்கள்.

என்ன பேட்டரி போட்டீர்கள் என்பதையும் ஒருமுறை பாருங்கள். சிஆர்2032 என்ற பெயரிலேயே அளவு இருக்கிறது, 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பார்ப்பதற்கு அதே போல இருக்கும் சிஆர்2025 வெறும் 2.5 மில்லிமீட்டர்தான், வோல்டேஜ் ஒன்றுதான் என்று போட்டுவிடுவார்கள், அது சாக்கெட்டில் லொடலொடவென்று ஆடும். எல்ஐஆர்2032 என்று எழுதியிருந்தால் அது ரீசார்ஜ் செய்கிற வகை, முழு சார்ஜில் 4 வோல்ட்டைத் தாண்டும், இந்த வேலைக்கு அது கூடவே கூடாது. பிளஸ் குறி உள்ள பக்கம், படுக்கை சாக்கெட்டாக இருந்தால், மேலே பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து விழுங்கிவிட்டால், இந்த அளவுப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும்.

அடுத்து ஜம்பர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே மூன்று பின்கள் இருக்கும், அதில் இரண்டின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். போர்டில் 'சிஎல்ஆர் சிமோஸ்', 'சிஎல்ஆர்டிசி', 'ஜேபேட்1' என்று ஏதாவது அச்சிட்டிருப்பார்கள். வழக்கமாக 1-2 என்றால் சாதாரண நிலை, 2-3 என்றால் அழிக்கும் நிலை, ஆனால் தலைகீழாக வைத்த போர்டுகளும் இருக்கின்றன, மேனுவலைப் பார்த்துக்கொள்வது நல்லது. யாரோ ஒருவர் பாஸ்வேர்டை அழிக்க இதை மாற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தால் தினமும் உங்கள் கதைதான் நடக்கும். சில போர்டுகள் அந்த நிலையில் ஆனே ஆகாது, சில சமர்த்தாக ஆன் ஆகி எல்லாவற்றையும் மறந்துபோகும்.

நாக்கு சரி, ஜம்பர் சரி, பேட்டரியும் புதிது, ஆனால் சில வாரத்தில் தீர்ந்துவிடுகிறது என்றால் மட்டும் கசிவைத் தேட வேண்டும். மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிய நிலையில், பேட்டரிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் தொடராக இணைத்து அளந்தால் சில மைக்ரோஆம்பியர் காட்ட வேண்டும். 200 காட்டினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 1,100 மணி நேரம், அதாவது 45 நாளில் புதுப் பேட்டரி காலி. காரணம் சாக்கெட்டைச் சுற்றிப் படிந்த ஈரத் தூசியாகவோ, பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டரோ டயோடோ கெட்டதாகவோ இருக்கலாம். தூசியை ஆல்கஹாலால் கழுவிப் பாருங்கள், அதிலேயே சரியான போர்டுகள் உண்டு. சவுத்பிரிட்ஜுக்குள்ளேயே கசிந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, சுவர் ஸ்விட்சை அணைக்காமல் விட்டு ஸ்டாண்ட்பையிலேயே ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் ஒரு வழிதான்.

இப்போது உங்கள் நீலத் திரை. இது சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை என்றீர்கள் அல்லவா? எஃப்1 அழுத்தி நேராகப் போன நாளில் வந்திருக்கும், செட்டப்புக்குள் போய் எல்லாவற்றையும் திருத்திவிட்டுப் போன நாளில் வந்திருக்காது. விண்டோஸை இன்ஸ்டால் செய்தபோது சாட்டா மோடு ஏஎச்சிஐ என்கிற புதிய முறையாக இருந்திருக்கும். அந்தக் காலத்துப் போர்டுகள் நிறையவற்றில் டிஃபால்ட் ஐடிஇ என்கிற பழைய முறை. செட்டிங்ஸ் அழிந்ததும் மோடு ஐடிஇ-க்குத் திரும்பிவிடுகிறது, தன் டிஸ்க்கைத் தொட வேண்டிய டிரைவர் இல்லாமல் விண்டோஸ் 0x0000007B என்ற எண்ணோடு விழுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள், இப்படி நல்ல டேட்டாவை இழந்தவர்கள் பல பேர். மோடை ஏஎச்சிஐ-க்கு மாற்றி சேவ் செய்தால் விண்டோஸ் எதுவும் நடக்காதது போல எழுந்து வரும். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ஏற்பாடு) வைத்திருந்தால் மட்டும் கவனம்: மோடை ரெய்டுக்கு மாற்றினால் போதும், 'புதிதாக உருவாக்கவா' என்று கேட்கும் எதற்கும் ஆம் சொல்லிவிடாதீர்கள்.

எஃப்1 விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பேட்டரி சரியான பிறகும் எஃப்1 கேட்டு நிற்கலாம். டிஃபால்ட் செட்டிங்ஸில் ஃப்ளாப்பி டிரைவ் இருப்பதாகவே வைத்திருப்பார்கள், உங்கள் மெஷினில் அது இருக்காது, பயாஸ் தேடிப் பார்த்துக் காணாமல் 'ஃப்ளாப்பி டிஸ்க் ஃபெயில் (40)' என்று நின்றுவிடும். நாம் செய்தியைப் படிக்காமல் எஃப்1 என்ற எழுத்தை மட்டும் பார்த்து 'இன்னும் போகவில்லையே' என்று அடுத்த பேட்டரி வாங்கப் போய்விடுவோம். முதல் பக்கத்திலேயே ஃப்ளாப்பியை 'நன்' (None, அதாவது இல்லை) என்று மாற்றிவிடுங்கள். எஃப்1-க்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை போனில் படம் பிடித்துப் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது, எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில் செட்டப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளக் மாட்டியபடியே, ஸ்டாண்ட்பை ஓடும்போதே பேட்டரியை மாற்றினால் செட்டிங்ஸ் போகாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், போகாது. ஆனால் உயிரோடு இருக்கும் போர்டில் ஒரு உலோக வட்டைக் கை நழுவ விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் படம் எடுப்பது சுலபம்.

நேரம் சரியாக இருந்து செட்டிங்ஸ் மட்டும் போகும் கேஸ் உங்களுடையது இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: மெமரி வேகத்தையோ பிராசஸர் வேகத்தையோ கூட்டி வைத்திருந்தால், அது தாங்காமல் ஸ்டார்ட் ஆவதில் தோற்றால், பயாஸ் பாதுகாப்புக்காகத் தானே டிஃபால்ட்டுக்குத் திரும்பும். பவர் சப்ளை தளர்ந்து முதல் முயற்சியில் ஆன் ஆகாத மெஷின்களிலும் இதே நடக்கும். பயாஸ் அப்டேட் செய்த உடனே ஒரே ஒரு முறை செக்சம் எரர் வந்தால் அது இயல்பு, டிஃபால்ட் லோட் செய்து சேவ் செய்தால் தீர்ந்தது.

386, 486 காலத்துப் போர்டு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மேலே சொன்ன பேட்டரிக் கதை உங்களுக்குப் பொருந்தாது. அதில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் செய்திருக்கும், வயதானால் ஒழுகி, சுற்றியிருக்கும் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். அது வேலை செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, இன்றைக்கே வெட்டி எடுங்கள். ஒழுகியது காரத் தன்மை உள்ளது, வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஆல்கஹாலால் கழுவலாம். அந்த இடத்தில் லித்தியம் பேட்டரியை நேராக இணைத்துவிடாதீர்கள், போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், நடுவில் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு போட்டே ஆக வேண்டும். கறுப்புக் கட்டியாக 'டாலஸ்' என்று எழுதியிருந்தால் பேட்டரி அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு மாற்றுச் சிப்தான் வழி.

உங்கள் விஷயத்துக்கு: இன்று ராத்திரி சுவர் ஸ்விட்சை அணைக்காமல் விட்டுப் பாருங்கள், நாளைக் காலை எரர் வராது என்று நினைக்கிறேன். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் வைத்து ஒரு அளவு, கழற்றி ஒரு அளவு எடுத்து, இரண்டு எண்களையும் எழுதுங்கள். பேட்டரி இல்லாத சாக்கெட்டை டார்ச் அடித்து ஒரு படமும் போடுங்கள், அந்த நாக்கு தெரிகிற மாதிரி.